கெராவ்: வங்கம் ஆங்கிலத்திற்கு ஈந்த ஒரு வினைச்சொல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் குறளும் கம்பனும் பேசப்படுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு சொல்லாராய்ச்சியாக ஏதேனும் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டது தமிழ்ச்சொல் அன்று; ஓர் ஆங்கில வினைச்சொல். அஃதும் இங்கிலாந்தில் பிறந்ததன்று. நாம் நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் இந்த நகரத்தின் தொழிற்சாலை வாயில்களில் உருப்பெற்று, ஆங்கில அகராதியில் ஏறி அமர்ந்துகொண்ட சொல் அது. ‘கெராவ்’ என்பதே அச்சொல். ஒருவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு, கோரிக்கை நிறைவேறும்வரை வெளியே போகவிடாமல் தடுத்தல் என்பது அதன் பொருள். நாம் மொழிநூற் புலவர் அல்லேம், கோப்புகளோடு காலங்கழிப்பவர். ஆயினும் இச்சொல் கோப்புகளுக்கு இடையிலும் நடமாடிய சொல்லாதலின், இதைப்பற்றிப் பேசச் சிறிது உரிமையுண்டு என்று துணிகின்றோம்.

தடுத்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல. அவற்றின் பின்னே பெரும்பாலும் கையால் தொடத்தக்க ஒரு பொருளோ, பெயர் தெரிந்த ஒரு மனிதனோ நிற்கக் காணலாம். இரயில்வேக் குடும்பங்களாகிய நமக்குப் பழகிய ‘பிளாக்’ என்பதையே முதலில் பார்ப்போம். பழைய பிரெஞ்சிலும் டச்சு மொழியிலும் அது வெட்டிய அடிமரத்தின் பெயர். வழியில் கட்டை கிடந்தால் வண்டி போகாது. ஆகவே கட்டையின் பெயரே தடுத்தலுக்கும் பெயராயிற்று. ஆனால் இருப்புப்பாதையில் அச்சொல் உயிர்காக்கும் சொல். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதை ஒரு ‘பிளாக் செக்‌ஷன்’. அதனுள் ஒரு வண்டி இருக்குமளவும் மற்றொன்று நுழையலாகாது. முன்னுள்ள நிலையம் ‘லைன் கிளியர்’ கொடுத்த பின்னரே வண்டி புறப்படும். 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரருகே, இந்த ஒழுங்கின்றி நேர இடைவெளியை மட்டும் நம்பி வண்டிகள் விடப்பட்டன. மேட்டில் நின்ற உல்லாசப் பயண வண்டியின் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியில் மோதி 80 பேர் மாண்டனர். அவ்வாண்டே பயணிகள் செல்லும் பாதைகளில் பிளாக் முறை கட்டாயம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. தடுத்தல் யாவும் தீது என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதனை முதலில் சொல்லி வைத்தோம்.

‘பிக்கெட்’ என்பது முனை சீவிய முளைக்கோல். குதிரையைக் கட்டுவதற்கு அதனை நடுவர். பிறகு அது புறக்காவல் நின்ற படைவீரரைக் குறித்து, அதன்பின் வேலைநிறுத்தக் காலத்தில் ஆலை வாயிலில் நின்ற தொழிலாளரையும் குறித்தது. இதற்கு நாம் ‘மறியல்’ என்று பெயர் வைத்தோம். மறித்தல் நம் பழஞ்சொல். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றபோது, அச்சொல் தமிழ் வீடுகளின் அடுக்களைவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

‘பாய்காட்’ என்பதோ ஒரு மனிதருடைய பெயர். கேப்டன் சார்லஸ் பாய்காட் என்பவர் அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தார். 1880ஆம் ஆண்டு குத்தகைத் தகராற்றில் ஊரார் அவரை அடிக்கவில்லை. அவருக்குக் கதிர் அறுக்க மறுத்தனர். பண்டம் விற்க மறுத்தனர். முகங்கொடுத்துப் பேச மறுத்தனர். வடக்கிலிருந்து ஐம்பதுபேர் படைக்காவலோடு வந்து அவருடைய பயிரை அறுத்துக் கொடுக்க நேர்ந்தது. இச்செயலுக்கு என்ன பெயரிடுவது என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வினவ, ஊர்ப் பாதிரியார் ஓமாலி, கற்றவர் வழங்கும் கிரேக்கச் சொல் குடியானவர் வாயில் நுழையாது என்று கருதி, காரியஸ்தரின் பெயரையே வினையாக்கிக் கொடுத்தாராம். கல்லாதார் வாய்க்கு ஏற்பச் சொல் அமைத்த அந்தப் பாதிரியாரை நமக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த அயர்லாந்துச் சொல் இருபத்தைந்தே ஆண்டுகளில் இந்நகரத்திற்கு வந்து சேர்ந்தது. 1905 ஆகஸ்டு 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் கூடிய பெருங்கூட்டம், வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியப் பொருள்களைப் பாய்காட் செய்வதென்று தீர்மானித்தது. அதுவே தெற்கே சென்று ‘பகிஷ்காரம்’ ஆகியது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் எழுந்ததும் அந்த அலையிலேதான். இவ்வாறு ஆங்கிலத்திடமிருந்து ஒரு தடுப்புச் சொல்லைக் கடன் வாங்கிய வங்கம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அதற்கு ஈடாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது.

இனிக் ‘கெராவ்’ என்பதற்கு வருவோம். நம் எழுத்தில் இதன் முதலொலியைக் காட்ட இயலாது. மூச்சை அழுத்திச் சொல்லும் ககரம் அது. இந்தியில் ‘கேர்னா’ என்றால் சூழ்தல், வளைத்தல். வங்காளியில் ‘கேரா’ என்றால் வேலியிட்டுச் சூழப்பட்டது. நமக்கு அண்டையிலுள்ள மெட்டியாபுருஸில் தையற்கடைக்குச் சென்று பெண்குழந்தைக்குப் பாவாடையோ ஃபிராக்கோ தைக்கக் கொடுத்தவர் யாவரும் இச்சொல்லின் உறவைக் கேட்டிருப்பர். கீழ்விளிம்பின் சுற்றளவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு அந்த உஸ்தாகர் ‘கேர்’ எவ்வளவு என்றுதான் கேட்பார். பாவாடையின் சுற்றும், தோட்டத்தின் வேலியும், மேலாளரைச் சூழ்ந்த மனித வட்டமும் ஒரே வேரிற் கிளைத்தவை.

இது போராட்டத்தின் பெயராகி நாடெங்கும் பரவிய ஆண்டு 1967. அவ்வாண்டு மார்ச்சு 2 அன்று அஜய் முகர்ஜி தலைமையில் ஐக்கிய முன்னணி அரசு வங்கத்தில் பதவியேற்றது. (நான்கு நாள் கழித்துச் சென்னையில் அண்ணா அவர்கள் பதவியேற்றார்.) புதிய அரசின் தொழிலாளர் அமைச்சர் சுபோத் பானர்ஜி. தொழிற்சாலை கெராவ் செய்யப்பட்டால் போலீசார் தாமாகத் தலையிடக்கூடாது. செய்தியைத் தொழிலாளர் அமைச்சருக்கு அனுப்பி, அவர் கட்டளையைப் பெற்ற பின்னரே நடவடிக்கை என்று அம்மாதம் 27ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை போயிற்று. பிறகு நிகழ்ந்த கெராவ்கள் நூற்றுக்கணக்கில். ‘கெராவ் அமைச்சர்’ என்றே அவருக்குப் பெயர் வழங்கியது.

இதனைக் கேட்டு, தொழிலாளர் காரணமின்றிக் கொதித்தனர் என்று எண்ணுவது நேர்மையாகாது. முந்திய இரண்டாண்டுகள் பஞ்சகாலம். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஐந்தாண்டுத் திட்டமே சில ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. இரயில்வே தன் வேகன் ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டது. அதனால் ஹௌராவிலும் இந்நகரிலும் இருந்த பொறியியல் ஆலைகள் ஆட்களைக் குறைத்தன; சில கதவடைத்தன. ஆலை வாயிலில் பூட்டுத் தொங்கினால் அதற்கு ‘லாக்-அவுட்’ என்று மதிப்பான பெயருண்டு. அது சட்டப் புத்தகத்திலும் உண்டு. பூட்டுக்கு வெளியே நின்றவன் தானும் ஒரு பூட்டுப் போட எண்ணினான். இரும்புப் பூட்டு அவனிடமில்லை. உடன் நின்ற ஆட்களையே பூட்டாக்கினான்.

வழக்கு உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. வழக்காடியது ஜெய் எஞ்சினியரிங் கம்பெனி. உஷா தையற்பொறியும் மின்விசிறியும் செய்தவர்கள். பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் அவர்கள் ஆலை இருந்த நிலத்தில் இப்போது சவுத் சிட்டி மாடமாளிகைகளும் பெருங்கடைகளும் நிற்கின்றன. விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் நம்மை இழுத்துச் செல்லும் இடம். 1967 செப்டம்பரில் தலைமை நீதிபதி டி. என். சின்கா தலைமையிலான சிறப்பு அமர்வு தீர்ப்பளித்தது. சுற்றறிக்கைகள் செல்லா என்றனர். இச்சொல்லுக்கு முதன்முறையாகச் சட்ட முறையில் ஓர் இலக்கணமும் வகுத்தனர். சுற்றி வளைத்தோ, வலிந்து புகுந்து அமர்ந்தோ ஒரு குறியை உடலால் முற்றுகையிடுதல் கெராவ். அக்குறி ஓர் இடமாகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். தொழிற்சங்கச் சட்டம் வேலைநிறுத்தத்திற்குத் தரும் காப்பு இதற்குப் பொருந்தாது என்றும் கூறினர்.

அந்நீதிபதிகள் புதுக்குற்றம் எதனையும் படைக்கவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரு பிரிவுகள் இருந்தன. ஒருவர் செல்ல உரிமையுள்ள திசையில் செல்லாது தடுத்தல் ஒன்று. சுற்றி வரைந்த எல்லைக்கு அப்பால் செல்லாதபடி அடைத்தல் மற்றொன்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 126, 127ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. ‘சுற்றி வரைந்த எல்லை’ என்பதை ஊன்றி நோக்குங்கள். தையற்காரர் சொல்லும் ‘கேர்’ அன்றோ அது! வங்காளிச் சொல் பரவுவதற்கு நூறாண்டு முன்னரே சட்டத்தின் ஆங்கிலம் அப்பொருளை உரைத்து வைத்திருந்தது.

இவ்வளவும் தாளில் உள்ளவை. அந்த வட்டத்தினுள்ளே இருந்தது யார் என்பதைத் தாள் முழுவதும் சொல்லாது. முதலாளி பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. அவர் வேறிடத்தில், சில வேளை வேறு நகரத்தில். அகப்படுபவர் மேலாளர், துணை மேலாளர், மேஸ்திரி, கணக்கர்.

அக்காலத்தில் ஓர் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதிவந்த தமிழர் ஒருவரைப்பற்றி நம் குடியிருப்பு மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர் பெயரும் வேண்டா; ஆலையின் பெயரும் வேண்டா. மேலாளரிடம் கையெழுத்து வாங்குவதற்காகச் சம்பளப் பதிவேட்டோடு அறைக்குள் நுழைந்தார். நுழைந்த சிறிது நேரத்தில் வட்டம் சூழ்ந்துகொண்டது. அன்று மாலையும் இரவும் கழிந்து, மறுநாள் காலைவரை அவர் உள்ளே. சூழ்ந்திருந்தவர் யாவரும் அவர் கையால் சம்பளம் வாங்கியவர். ஒவ்வொருவருடைய பிடித்தமும் முன்பணமும் அவருக்கு மனப்பாடம். அவர்களுள், நாள்தோறும் அவரோடு பொரியைப் பங்கிட்டுத் தின்னும் ஒருவர் மண்குவளையில் தண்ணீர் நீட்டினார். தம் மருமகனை அனுப்பி வீட்டாருக்குச் செய்தியும் சொல்வித்தார். வட்டத்தை விட்டு மட்டும் அவர் நகரவில்லை. பசியும் தூக்கமும் பெரிதாகத் தோன்றவில்லை என்றாராம் அந்தக் கணக்கர். ஒதுங்கிவரப் போகவேண்டும் என்று நாற்பதுபேர் முன்னிலையில் அனுமதி கேட்டு நின்றதையும், தரலாமா கூடாதா என்று அவர்கள் தமக்குள் விவாதித்ததையும் மட்டும் கடைசிவரை மறக்கவில்லையாம். அச்சனிக்கிழமை அதே பதிவேட்டைக் கொண்டு அவர்களுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தவரோடு மீண்டும் பொரி தின்றாரா என்று நாம் கேட்டதற்கு, மூத்தோர் விடை சொல்லவில்லை.

முற்றுகையின் உள்ளே இருப்பாரை நோக்கும் கண் நம் புலவர்களுக்கு மிகப் பழமையானது. மதிலை வளைத்தலும் கொள்ளுதலும் உழிஞைத்திணை. தொல்காப்பியர் அதிலேயே மதில் காத்தலையும் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலைத் தனியே நொச்சித்திணை என்று பிரித்தது. வளைப்பவனுக்கு ஒரு பூ, வளைக்கப்பட்டவனுக்கு ஒரு பூ! இருபுறத்துக்கும் பெயர் வைத்த இந்த இலக்கணத்தை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகின்றது. ஆங்கிலமும் வங்காளியும் வளைப்பவர் செயலுக்கு மட்டுமே பெயரிட்டன.

சோழர் குடிக்குள்ளேயே நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டபோது, ஆவூர்க் கோட்டை முற்றப்பட்டது. நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளிருந்தான். கோவூர் கிழார் உள்ளே கண்டவற்றை அடுக்கிக் காட்டுகின்றார்: யானைகள் உணவும் நீராட்டும் இன்றிக் கிடக்கின்றன; பாலின்றிக் குழந்தைகள் அலறுகின்றன; மகளிர் பூவின்றி வெறுங்கூந்தலை முடிகின்றனர்; நல்ல வீடுகளிலும் நீரில்லை என்ற புலம்பல். அறவழி நிற்பாயாயின் திறந்து கொடு. மறவழி நிற்பாயாயின் திறந்து போரிடு. இரண்டுமின்றி மூலையில் ஒடுங்குதல் நாணத்தக்கது என்று அரசனை நோக்கிச் சொன்னார். பின்னர் உறையூர் முற்றுகையில் வளைத்தவனையும் அடைத்திருந்தவனையும் ஒருங்கே நிறுத்தி, நீவிர் இருவீரும் சூடியது ஒரே ஆத்தி மாலை; எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்றார்.

இப்பாட்டுகளைக் கொண்டு 1967ஐ அளப்பது முற்றும் பொருந்தாது. நெடுங்கிள்ளியிடம் கதவும் தாழும் இருந்தன, அடைத்தவன் அவனே, திறக்கவும் அவனால் இயலும். கணக்கர் அடைத்ததுமில்லை, திறப்பதும் அவர் கையிலில்லை. கோரிக்கைக்கு இசைவு தரும் அதிகாரமும் அவரிடமில்லை. அன்றைய கெராவை ஆதரித்து எழுதியவர்கள், மதில்போல் நின்ற மூலதனத்தை உழைப்பாளர் முற்றியதாகவே கண்டனர். எதிர்த்து எழுதியவர்கள் சட்டம் ஒழுங்கு என்று மட்டும் கண்டனர். ஒதுங்கப் போக அனுமதி கேட்டு நின்ற மனிதர் இருசாரார் கண்ணிலும் படவில்லை என்பதே நம் குறை. தொழிலாளரின் கோரிக்கை நியாயமானது என்று நாம் நம்புகின்ற வேளையிலும் இக்குறை நீங்குவதில்லை. நாம் உறுப்பினராயுள்ள தொழிற்சங்கத்திலும் இதனைச் சொல்லியிருக்கின்றோம். அங்கே எல்லோரும் மகிழ்ந்தார் என்று கூற மாட்டோம்.

1967 நவம்பரில் அவ்வரசு நீக்கப்பட்டது, 1969இல் மீண்டும் வந்தது, போயிற்று. சொல் மட்டும் தங்கிவிட்டது. கஜேந்திர கட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969ஆம் ஆண்டு அறிக்கையில், கெராவ் பொருளாதார நெருக்குதல் அன்று, உடல் நெருக்குதல். ஆகவே தொழிற்போராட்ட வகைகளுள் சேராது என்றது. ஆலையிலிருந்து அது கல்லூரிக்கும் சென்றது. துணைவேந்தர்கள் பலர் அவ்வட்டத்தினுள் இரவு கழித்திருக்கின்றனர். 2014 செப்டம்பரில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரை மாணவர் வளைத்திருக்க, நள்ளிரவில் போலீசார் புகுந்து அடித்து விலக்கினர். மறுநாள் தொடங்கி நகரமே தெருவில் இறங்கியது. 2015 ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகினார். வளைத்தவரைவிட வளையத்தை உடைத்த முறையே அங்கே பெரும்பழி ஏற்றது.

நம் இரயில்வேயும் தப்பவில்லை. 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 174ஆம் பிரிவைப் புரட்டிப் பார்ப்பவர், தண்டவாளத்தில் அமர்தல், பிக்கெட்டிங், ‘ரயில் ரோக்கோ’, ‘பந்த்’ என்று இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரிசையாக நிற்கக் காணலாம். வழக்குமன்ற ஆங்கிலத்தில் அவற்றிற்கு ஈடான சொல் கிட்டாமற்போலும், தெருவில் கேட்டபடியே எழுதிவிட்டனர்.

அகராதிக்கு வருவோம். 2004இல் வெளிவந்த கன்சைஸ் ஆக்ஸ்போர்டு அகராதியின் 11ஆம் பதிப்பு ‘கெராவ்’ என்பதைக் கொண்டுள்ளது. இந்தியிலிருந்து வந்தது என்று குறித்து, கோரிக்கை நிறைவேறும்வரை முதலாளிகளை வேலையிடத்தை விட்டுப் போகவிடாது தொழிலாளர் தடுக்கும் போராட்டம் என்று பொருள் சொன்னது. நம் ஆங்கிலத் தாள்களோ இதனை வினையாகவே மிகுதியும் ஆள்கின்றன. ஆங்கில இறந்தகால விகுதியை அதன் வாலில் ஒட்டி, இன்ன அதிகாரி ‘கெராவ்டு’ என்று தலைப்பிடுகின்றன. ஆக்ஸ்போர்டுப் புலவர் கண்ணில் முதலாளி மட்டுமே பட்டார். 1982இல் தொழிற்தகராறுச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இன்னும் அருகிலிருந்து பார்த்தவர்கள். தகாத தொழில்முறைகளின் பட்டியலில் கெராவையும் சேர்த்தபோது, நிர்வாகத்தினரையோ ‘பிற ஊழியரையோ’ வளைத்தல் என்று எழுதினர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் அத்தொடர் அவ்வாறே உள்ளது. பதிவேட்டோடு அறைக்குள் நுழைந்த நம் கணக்கருக்கு அந்தப் ‘பிற ஊழியர்’ என்ற தொடரில்தான் இடம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? செய்தித்தாள்கள் ‘முற்றுகை’ என்றும் ‘கெரோ’ என்றும் எழுதுகின்றன. முற்றுகை அழகிய சொல்லே. ஆனால் அது கோட்டைக்கும் அலுவலகத்திற்கும் உரியது. வாயிலில் அமர்ந்து உள்ளே போவாரைத் தடுப்பதும் முற்றுகை எனப்படுகின்றது. அதற்கு மறியல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கின்றது. ஆளைச் சூழ்ந்து அடைப்பதற்கு ‘ஆள்வளைப்பு’ என்று வழங்கலாமோ என்று நாம் எண்ணுகின்றோம். அச்சொல்லில் ஆள் இருக்கின்றான். தமிழாசிரியர் இதனினும் சிறந்ததொன்று கூறின், ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம். அடுத்த மலருக்கு எழுதியனுப்புமாறு இளைஞர்களையும் வேண்டுகின்றோம்.